இறந்தோர் பட்டியலில் எங்கள் பெயர்

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருவர் மைக்கின் முன்னால் வந்து நின்று இரண்டு பட்டியல்களை வாசிப்பார். முதலாவது நன்றிப் பட்டியல். பிள்ளை பரீட்சையில் தேறியவர்கள், புது வீட்டைப் பாதிரியாரை வைத்து மந்திரித்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடப்பவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். இரண்டாவது இறந்தோர் பட்டியல். அதில் காரணம் எதுவும் இருக்காது, வெறும் பெயர்கள்தான். பெயர்கள் முடிந்ததும் அந்த ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு செபம் சொல்வோம். பதினோரு வருடமாக அந்தப் பட்டியல்களை வாசிப்பவள் நான்.

எழுதுவதும் நானேதான். வாசலருகே ஒரு மரப்பெட்டி உண்டு. நன்றிக்கு வெள்ளை உறை, இறந்தோருக்குப் பழுப்பு உறை. சனிக்கிழமை காலையில் கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, உறைகளைப் பிரித்து, பெயர்களை இரண்டு தாள்களில் எழுதி வைப்பேன். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் பெயரை இறந்தோர் பட்டியலில் வாசித்தேன்.

அவள் பெயரும் என் பெயரும் ஒன்று.

அது ஒரு புனிதையின் பெயர். பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடிய இடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எட்டு வயதில் ஞானப்பாட வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சருக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு வாரத்திலேயே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவளைக் "காடியில வர்றவ" என்றும், என்னை "நடந்து வர்றவ" என்றும் சொல்ல ஆரம்பித்தார். காரை நாங்கள் இங்கே காடி என்றுதான் சொல்வோம். டீச்சர் கெட்ட மனசுக்காரர் இல்லை. ஒரு வசதிக்காகச் சொன்னார். ஆனால் நான் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தேன்.

அந்த வகுப்பில்தான் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தோம். ஆறாவதாகக் காய்மகாரம் வரும். அப்படியென்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். "அடுத்தவங்களுக்கு நல்லது நடந்தா ஒனக்கு வயித்த வலிக்குதுல்ல, அதான்" என்றார் டீச்சர். நான் உடனே குனிந்து அவள் காலைப் பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்து, பக்கவாட்டில் சின்ன வெள்ளிக் கொக்கி. எனக்கு வயிறு வலித்தது. ஆக, அந்தப் பாடம் மட்டும் எனக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது.

எங்கள் இருவரின் அப்பாக்களுக்கும் சோறு போட்டது ஒரே துறைமுகம். என் அப்பா மூட்டை தூக்கி முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டார். அவள் அப்பா எழுத்தராக நுழைந்து, ஒரு லாரி வாங்கி, அது பத்து லாரியாகிக் குடும்பமே மேலே போய்விட்டது. அவள் டாக்டரைக் கட்டிக்கொண்டு தஞ்சோங் பூங்கா என்ற பணக்காரப் பகுதியில் கடலைப் பார்த்தபடி மேட்டில் வீடு கட்டினாள். நான் பெர்ரிப் படகில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பதினாலாவது மாடிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இரண்டாவது வரிசையில் இருப்பாள், நான் மைக்கின் பக்கத்தில் இருப்பேன். சந்தித்தால் சிரிப்போம்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாமல் போனது பிள்ளைகள் விஷயம். அவள் மகனும் என் மகனும் ஒரே வருடம் ஆறாம் படிவப் பரீட்சை எழுதினார்கள். என் மகனுக்குத்தான் நல்ல தேர்ச்சி. இரண்டு பேருக்கும் உள்ளூரில் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அவள் தன் மகனை அயர்லாந்துக்கு அனுப்பினாள். என் மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய் ஷிப்ட் வேலையில் சேர்ந்தான். அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவனுக்கும் சேர்த்து நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஏதாவது செய்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. காலையில் வேலை முடிந்து வந்த மகன் சாப்பாட்டு மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். தட்டில் வைத்த தோசையில் கை படவில்லை. அவனை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தால் மேலேயே ஒரு வெள்ளை உறை. தடித்த தாள், நீல மசி, அவள் எழுத்து. மகன் இருதய சிகிச்சைக்கான மேற்படிப்பில் தேறியதற்கு நன்றியாக என்று எழுதி, கீழே எங்கள் பெயரை எழுதியிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே எழுதினேன். எல்லாம் எழுதி முடித்து ஒருமுறை சரிபார்த்தபோது அவள் பெயர் வலது பக்கத் தாளில் இருந்தது. இறந்தோர் தாளில், ஒரு கிழவருக்கும் பிறந்து நாலு நாளில் போன ஒரு குழந்தைக்கும் நடுவில், ஐந்தாவதாக.

இதுவரை கை தவறியது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுத்தை அழிக்கும் வெள்ளை மசி மேசை இழுப்பறையிலேயே இருந்தது. இழுப்பறையின் பிடியில் கையை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நாளைக்கு வாசிக்கும்போது அந்தப் பெயரைத் தாண்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு நாள் அவள் பெயர் அந்தப் பக்கம் இருக்கட்டுமே என்றும் தோன்றியது. அது இனித்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது இனித்தது.

மறுநாள் மைக்கின் முன்னால் நின்றேன். நாலாவது பெயரை வாசித்தேன். தாண்டிவிடலாம் என்று நினைத்த வாய் தாண்டவில்லை. எங்கள் பெயரைத் தெளிவாக, நிறுத்தி, உரக்க வாசித்தேன். எங்கள் கோயிலில் தூணுக்கு மேலே ஒரு பழைய ஒலிபெருக்கி இருக்கிறது. சொன்னதை ஒரு கணம் தாமதித்து இன்னொரு முறை சொல்லும். அது எங்கள் பெயரை மறுபடியும் சொன்னது. இரண்டாவது வரிசையில் அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் ஐம்பது வருடத்தில் பார்த்ததில்லை. பிறகு கோயில் முழுக்க அந்தச் செபத்தைச் சொன்னது. அவள் உதடும் அசைந்தது.

பூசை முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவினேன். பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா மட்டும் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, யாரு பேர அங்க படிச்சே?" என்றார். "கை தவறிடுச்சுக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். மற்ற யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அந்தப் பெயரில் செத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவளுடைய டிரைவர் பதினாலு மாடி ஏறி வந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை. கையில் ஒரு அடுக்குப் பாத்திரம். கோழி சூப்பும் நாசிச் சோறும் இருந்தன. ஒரு சீட்டும் இருந்தது. ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேன், பார் என்று சூப் அனுப்பிக் காட்டுகிறாளா? மகனைக் குடிக்கச் சொன்னேன். நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. அடுத்த திங்களும் வந்தது. அதற்கடுத்த திங்களும் வந்தது. பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், நன்றி என்றுகூடச் சொல்லி அனுப்பவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அதே பாடகர் குழு அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "ஒன் பேருகாரிக்குக் கணையத்துல கட்டியாம். ரொம்ப முத்திப்போச்சாம்லா. மவனே பெரிய டாக்டரு, அவனே கையை விரிச்சுட்டானாம்." பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீ அன்னிக்குத் தெரியாமப் படிச்சே பாரு" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். மீன்காரர் மீனை வெட்டவா வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். நான் மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் பெயர் எனக்குப் பகையாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிட்டால் அந்த ஒலிபெருக்கியின் குரல்தான் கேட்டது. அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்த மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தேன். தாதி மைக்கில் என் பெயரைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சொன்னார். செத்தவளைக் கூப்பிடுகிறார்கள், நான் ஏன் எழ வேண்டும் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். பக்கத்திலிருந்த சீனக் கிழவி என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தட்டினாள்.

படித்தவள், குமாஸ்தா, பேயாவது பிசாசாவது என்று பேசியவள் நான். ஒரு தாளில் எழுதினால் ஆள் சாகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஆனால் அந்த வீடும் அந்தப் பிள்ளையும் அந்தச் சிரிப்பும் அவளுக்கு இல்லாமல் போக வேண்டும் என்று ஐம்பது வருடமாக உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டார் என்று பட்டது. அந்த யாரோ கடவுளாக இருந்தால் எப்படி அவர் முகத்தில் விழிப்பது? கடவுள் இல்லையென்றால் அது இன்னும் பயம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் எல்லோரும் மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். என் கணவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது, நாலு வரிசை தள்ளி அவள் தெரிந்தாள். அவள் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. கீழே எரிந்த மெழுகுவத்திகளின் வெளிச்சம் அவள் தாடையிலும் மூக்கிலும் மட்டும் பட்டது, கண் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். வா என்று கூப்பிட்டாளா, போய் வருகிறேன் என்றாளா, தெரியவில்லை. அறுபத்தொரு வயதில் நான் யாரோ ஒருவருடைய கல்லறைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்தேன். எழுந்தபோது நாற்காலி இல்லை. சேலையில் மெழுகு கொட்டியிருந்தது.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குத்தந்தை என் மகனைவிட இரண்டு வயது சின்னவர். என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் வேறு. எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, வெள்ளை மசி, இனித்தது, எல்லாம். "நான்தான் கொன்னுட்டேன் ஃபாதர்" என்றேன்.

"ஆண்டவர் ஒங்க பட்டியலப் பாத்து ஆள எடுக்கிறதில்லமா" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "ஆனா அந்த ஆச ஒங்ககிட்ட இருந்துச்சுல்ல, அது நிஜம். அதுக்கு ஒரு அபராதம் தர்றேன். ஒம்போது நாளு. ஒவ்வொரு நாளும் அவங்ககிட்ட இருக்கிற ஒன்ன எடுத்து, அத அவங்களுக்குக் குடுத்ததுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. பேச்சுக்குச் சொல்லக் கூடாது. முடியலன்னா மறுநாளு திரும்ப அதையே சொல்லுங்க."

பத்துச் செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். இது என்ன அநியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

முதல் நாள் காரில் தொடங்கினேன். அது சுலபம், எனக்கு இந்த வயதில் கார் வேண்டாம். இரண்டாவது நாள் அந்த வெள்ளைச் சப்பாத்து. அது எங்கே போனதோ, அதற்காக நன்றி சொல்ல முழங்காலில் அரை மணி நேரம் ஆனது. சொன்ன பிறகு அழுதேன். வீடு, கடலைப் பார்த்த ஜன்னல், நகை, பியானோ, அந்தச் சிரிப்பு, பக்கத்தில் வந்தால் நாற்காலியை இழுத்துப் போடும் கணவர். எட்டு நாளில் எட்டையும் முடித்தேன். ஒன்பதாவது நாள் மகன்.

முடியவில்லை. பத்தாவது நாளும் முடியவில்லை. அவன் டாக்டரானதற்கு நன்றி என்று வாய் சொன்னது, மனம் என் மகனுடைய தட்டில் ஆறிப்போன தோசையைக் காட்டியது. நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்துவிட்டது. பலிபீடத்துக்கு முன்னால் ஆள் இல்லாத மத்தியானத்தில் நின்று, "என் பிள்ளைக்கு ஏன் குடுக்கல?" என்று சத்தமாகக் கேட்டேன். ஒலிபெருக்கி அணைந்திருந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்தேன். அவரும் ஒருத்தியின் பிள்ளைதான், அவளும் கீழே நின்று இதைத்தான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. என் கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் கேள்வியோடு நிற்பது நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அவள் மகன் கை வைத்துப் பிழைத்த இருதயங்களில் துறைமுகத்துக் கூலிக்காரர்களுடையதும் இருக்கும். அந்த இருதயங்களுக்காக நன்றி சொன்னேன். பிறகு அவனுக்காகவும் சொல்ல முடிந்தது.

இனி அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் போவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் பெயரே என்னைச் சாகும்வரை துரத்தும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி, மேடு ஏறி நடந்து போனேன். மூச்சு வாங்கியது.

அவளால் மாடி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே பெரிய கண்ணாடிச் சரவிளக்கு, ஏற்றாமல் தொங்கியது. திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கடல் எங்கே என்று தெரியவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார், அவ்வளவு பெரிய வீட்டில் அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நடந்தா வந்தே? ஒரு போன் போட்டிருந்தா காடி அனுப்பியிருப்பேன்லா" என்றாள்.

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தேடுவதற்குள் அவளே பேசினாள்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கல்லறையில கூப்பிட்டேன், நீ பாக்கல. இப்ப ஒனக்குத் தேவலையா?"

"எனக்கென்ன?"

"அன்னிக்கு நீ செத்தவங்க லிஸ்ட்டுல ஒம்பேரப் படிச்சேல்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வீட்டுக்காரரும் போயிட்டாரு, பாவம், இவளும் போயிடணும்னு நெனச்சு எழுதிட்டாளோன்னு பயந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அதான் சூப்பு அனுப்பினேன். சாப்பிடறவ சாவ நெனைக்க மாட்டால்ல. நாலு மாசமா தெனம் ஒனக்காக ஒரு செபமால சொல்றேன். இப்பக்கூட நிறுத்தல."

அவள் பெயர் நன்றிப் பட்டியலில் வரவில்லை என்பதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. என்னைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறாள். எனக்கு வழி திறந்துவிட்டது. ஆமாம், அப்படித்தான், இப்போது பரவாயில்லை என்று சொன்னால் போதும். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். நானும் யோக்கியமானவளாக மேட்டிலிருந்து இறங்கிப் போகலாம். உண்மை அவளுக்கு இனி எதற்கு? இப்படி ஒரு கேள்வியை என் மனம் எவ்வளவு சுலபமாகக் கேட்டது! நாளைக்குத் தாண்டிவிடலாம் என்று இழுப்பறையிலிருந்து கையை எடுக்கச் சொன்ன அதே குரல்தான் அது. அதனால்தான் அடையாளம் தெரிந்தது.

"அது எம்பேரு இல்ல" என்றேன். "ஒம்பேரு. நீ நன்றின்னு குடுத்தத நாந்தான் அங்க எழுதினேன். எழுதினத அப்பவே பாத்துட்டேன். மசி இருந்துச்சு, திருத்தல. மறுநாளு தெரிஞ்சேதான் படிச்சேன்."

"ஏன்?" என்றாள்.

"ஒன் மவன் டாக்டரு. எம்மவன் பேக்டரி." என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஒன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேலைக்காரப் பெண் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். போகச் சொன்னால் போய்விடலாம் என்று காத்திருந்தேன். கடைசியில், "தண்ணி" என்றாள். உறிஞ்சுகுழலை அவள் உதட்டில் பிடித்தேன். கழுத்தில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டேன்.

"அப்ப நான் நாலு மாசமா சொன்ன செபமால எல்லாம்? வீணா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

"வீண் இல்ல. எனக்குத்தான வந்துச்சு. அதனாலதான் இன்னிக்கு வந்திருக்கேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு வலியாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ ஒரு மோசமான பொம்பள" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னிக்குப் போ. என்னால முடியல. அடுத்த வெள்ளிக்கிழம வா." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தால் டிரைவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கார் என் வீட்டுக்கு வந்தது. நாங்கள் அதிகம் பேசவில்லை. செபமாலை சொல்வோம். அவள் தூங்குவாள். ஒருநாள் நான் நுழைந்ததும், "இப்ப பாத்தியா, நீதான் காடியில வர்றவ" என்றாள். அந்தப் பட்டப்பெயர் அவளுக்கும் நினைவிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "நான் இந்தக் கட்டிலவிட்டு எறங்கி கடல் வரைக்கும் ஒருவாட்டி நடந்து போனாப் போதும்" என்றாள். நான் திரையை விலக்கினேன். கடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இருவரும் பார்த்தோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பொறாமை என்னை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அந்தக் கூடத்தில் அவள் தூங்கும்போது, பளிங்குத் தரையையும் பியானோவையும் பார்த்து எனக்கு வயிற்றில் அந்தப் பழைய கடுப்பு வரும். வரட்டும். வந்ததும் உடனே நன்றி சொல்லிவிடுவேன். என்ன வேண்டும் என்று விசாரிக்க ஆள் இருக்கும் வீட்டில் திருடன் அதிக நேரம் நிற்பதில்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளி, அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் எலும்பாக இருந்தன. "ஒரு வேல பாக்கிறியா? நான் போனப்புறம் என் பிள்ளைங்க பூவா வாங்கிக் குவிக்கும். நல்ல பிள்ளைங்கதான். ஆனா அதுங்களுக்கு நம்பிக்கையில்ல, பூச வைக்காது. ஒவ்வொரு மாசமும் எம்பேர அந்த லிஸ்ட்டுல எழுது. நீதான் எழுதணும். இந்தவாட்டி சரியா எழுது."

"எழுதறேன்" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. இது ஒனக்கு அபராதம்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் அவள் இறந்தாள். அடக்கத்துக்கு வந்த பெட்டி பளபளவென்று இருந்தது, அப்படியொரு மரத்தை நான் பார்த்ததில்லை. என் கணவருடைய பெட்டி நினைவுக்கு வந்தது, வயிற்றில் சுருக்கென்றது. செத்தவளைப் பார்த்தா பொறாமை என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்காகவும் நன்றி சொன்னேன். என் மகன் பெட்டி தூக்குகிறவர்களோடு சேர்ந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தான். அவள் மகன் எதிர்ப்பக்கம். இருவருக்கும் ஒரே உயரம்.

இப்போது பட்டியல்களைக் கணினியில் தட்டச்சு செய்ய அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நான் கையால் எழுதிக் கொடுப்பேன், அவள் தட்டுவாள். மாதா மாதம் எழுதுவதுபோலப் போன நவம்பரிலும், இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும் பூசை வைக்கும் வாரத்தில், தாளின் முதல் வரியில் எங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, வெறும் இந்தப் பேரு மட்டும் போட்டா ஆளுங்க நீங்கதான் செத்துட்டீங்கன்னு நெனைச்சுக்குவாங்கலா. பக்கத்துல ஏதாச்சும் சேத்துப் போடவா?"

சேர்ப்பதற்கு என்ன இருந்தது? காரில் வந்தவள் என்றா?

"வேணாம்மா. நெனைக்கட்டும்" என்றேன். "ரெண்டு பேருக்கும் சேத்துச் செபம் கெடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மைக்கின் முன்னால் நின்றேன். இரண்டாவது வரிசையில் அவள் இடத்தில் யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள். முதல் பெயரை வாசித்தேன். தூணுக்கு மேலிருந்த ஒலிபெருக்கி ஒரு கணம் தாமதித்து, அதே பெயரை மறுபடியும் சொன்னது. ஒரு வருடமாக என்னைத் துரத்திய குரல் அதுதான். மற்ற மாதங்களில் செய்ததுபோல அன்று நான் அவசரப்பட்டு அடுத்த பெயருக்குப் போகவில்லை. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தேன்.